கர்மவீரர் பாவுராவ் பாட்டீல்: சிற்றூர்ப் பிள்ளைகளுக்குக் கல்லூரி தந்த சிராவகர்

உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி ஆகிய நான்கையும் வழங்குதல் இல்லறத்தார் கடமை என நம் ஆசாரியப் பெருமக்கள் வகுத்துள்ளனர். ஆகார தானம், அபய தானம், ஔடத தானம், சாத்திர தானம் என்று இவற்றை நம் பிள்ளைகளுக்கு இளமையிலேயே கற்பிக்கிறோம். ஏடுகளைப் படியெடுத்துக் கற்போர்க்கு அளிப்பதே முற்காலத்தில் சாத்திர தானமாக விளங்கியது. முனிவர்கள் தங்கிய இடத்தைக் குறித்த பள்ளி என்னும் சொல்லே இன்று கல்விக்கூடத்தின் பெயராக நிலைபெற்றிருப்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

இந்நான்கு தானங்களையும் ஒரே கூரையின் கீழ்ச் செய்து காட்டிய ஜைனப் பெரியார் ஒருவர் சென்ற நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர் மகாராஷ்டிரத்தின் தென்பகுதியில் பிறந்த பாவுராவ் பாட்டீல். மக்கள் அவருக்கு வழங்கிய பட்டம் கர்மவீரர் என்பதாம். தாம் பட்டப் படிப்பின் வாயிலைக்கூட எட்டாதவர், பல்லாயிரம் ஏழைப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய வரலாற்றை நம் தமிழ் ஜைனக் குடும்பங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

பிறப்பும் இளமையும்

கோலாப்பூர்ப் பகுதியில் கும்போஜ் என்னும் ஊர் உள்ளது. அதனை அடுத்திருக்கும் பாகுபலி மலை ஜைனர்களின் யாத்திரைத் தலமாகும். அவ்வூரில் 1887ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் பாவுராவ் பிறந்தார். தந்தையார் பாய்கோண்டா பாட்டீல். வருவாய்த் துறையில் எழுத்தர். தாயார் கங்காபாய்.

அப்பகுதி ஜைனர்களுக்கும் நமக்கும் நெருங்கிய ஒப்புமை உண்டு. அவர்களும் திகம்பரர், அவர்களுள்ளும் பெரும்பாலோர் ஏர் பிடித்து வாழும் உழவர். நம் மேல்சித்தாமூர் மடத்தின் பட்டாரகரைப் போன்றே கோலாப்பூர் மடத்தின் பட்டாரகரும் இலட்சுமிசேனர் என்னும் திருப்பெயர் தாங்குவது மரபு. ஆகவே பாவுராவின் குடும்பச் சூழலை நாம் எளிதில் மனக்கண்ணால் காணலாம். வயலும் மாடும், பாட்டீல் என்னும் ஊர்த்தலைமைப் பெயரும், சாதிக் கட்டுப்பாடும் நிறைந்த வீடு அது.

அக்கட்டுப்பாடு சிறுவர் பாவுராவுக்கு உடன்பாடாக இருக்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் கிணற்றடியில் நின்று, பிறர் இரங்கி நீர் வார்க்கும் வரை காத்திருப்பதை அவர் கண்டார். ஒருமுறை அவர்களுக்கு நீர் மறுக்கப்பட்டபோது, நீர் இறைக்கும் இராட்டினத்தையே உடைத்துக் கிணற்றுள் எறிந்துவிட்டார் என்பது அவர் வரலாற்றில் தவறாது சொல்லப்படும் நிகழ்ச்சி.

உயர்நிலைக் கல்விக்காக அவர் கோலாப்பூருக்கு அனுப்பப்பட்டார். இராஜாராம் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். அங்கிருந்த ஜைன மாணவர் விடுதியில் தங்கினார். அக்காலத்தில் சிற்றூர்ப் பிள்ளைகள் நகரத்தில் தங்கிப் படிக்க உறவினர் வீடு அல்லது சாதியார் விடுதி ஆகிய இரண்டு வழிகளே இருந்தன. கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா பல சமூகத்தாருக்கும் தனித்தனி விடுதிகள் அமைய உதவியவர். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மாணவர்களுக்கும் ஒரு விடுதி ஏற்பட்டது. அவ்விடுதியின் தொடக்க விழாவுக்குச் சென்று திரும்பிய பாவுராவை, நீராடிய பின்னரே உணவுக்கூடத்தில் நுழைய வேண்டும் என விடுதியார் பணித்தனர். அவர் மறுத்தார். விடுதியினின்றும் வெளியேற்றப்பட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

நம் சமூகத்தாரின் விடுதியிலேயே இவ்வாறு நிகழ்ந்தது என்பதை நாம் மறைத்துச் சொல்ல வேண்டுவதில்லை. எவ்வுயிரும் தன்னுயிர்போல் என்று நாள்தோறும் சிந்திக்கும் சமயத்தாரும் காலத்தின் வழக்குக்கு ஆட்பட்டிருந்தனர். அதனை ஓர் இளைஞர் தம் படுக்கையையும் உணவையும் இழந்து சுட்டிக்காட்டினார். உயிர்களிடம் சமநோக்கு என்னும் ஜைனக் கொள்கையை அன்று காத்தவர் அவரே என்று கூறுதல் மிகையாகாது.

சாகு மகாராஜா அவருக்கு ஆதரவளித்தார். ஆயினும் பாவுராவின் பள்ளிப் படிப்பு ஆறாம் ஆங்கில வகுப்போடு நின்றுபோயிற்று. மெட்ரிகுலேசன் தேர்வைக்கூட அவர் எட்டவில்லை.

வாய்மைக்கு வந்த சோதனை

படிப்பு நின்றபின் சாத்தாரா நகரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். பாட்டீல் மாஸ்டர் என்று ஊரார் அழைத்தனர். அந்நாள்களிலேயே நண்பர்களோடு சேர்ந்து தூத்காவ் என்னும் சிற்றூரில் மாணவர் ஆசிரமம் ஒன்று அமையத் துணை நின்றார்.

1914ஆம் ஆண்டு கோலாப்பூரில் ஏழாம் எட்வர்டு மன்னரின் சிலைக்கு எவரோ தார் பூசினர். அவ்வழக்கில் ஜைன சமூகத்தின் முன்னணித் தலைவர் அண்ணாசாகேப் லட்டே அவர்களைச் சிக்க வைக்கச் சிலர் முயன்றனர். அவருக்கு எதிராகப் பொய்ச்சான்று கூறுமாறு பாவுராவை வற்புறுத்தினர். அவர் உடன்படவில்லை. சிறையில் அடைத்துத் துன்புறுத்தினர். துன்பம் பொறாத நிலையில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். ஆனால் பொய் சொல்லவில்லை. பின்னர் விடுதலை பெற்றார். சமூகத்தார் ஒரு நாள் தம்மை வெளியேற்றியதை மனத்தில் வைத்து, சமூகத் தலைவர் ஒருவரைக் காட்டிக் கொடுக்கும் எண்ணம் அவருக்கு எழவே இல்லை. ஐந்து அணுவிரதங்களுள் வாய்மையை அவர் எவ்வளவு உறுதியாகப் பற்றி நின்றார் என்பதற்கு இஃதொன்றே போதும்.

கலப்பையிலிருந்து கல்விக்கு

சிறை மீண்டபின் வாணிபத்தில் இறங்கினார். ஓகலே தொழிற்சாலையின் கண்ணாடிப் பொருள்களையும் கிர்லோஸ்கர் தொழிற்சாலையின் இரும்புக் கலப்பைகளையும் விற்கும் முகவராக ஊர் ஊராகச் சென்றார். பின்னர்க் கூப்பர் என்னும் பார்சித் தொழிலதிபரோடு சேர்ந்து கலப்பைத் தொழிற்சாலை அமைக்கவும் உழைத்தார். கருத்து வேறுபாடு எழவே அதனின்று விலகிவிட்டார்.

ஊர்தோறும் அலைந்த அவ்வாண்டுகள் அவருக்குப் பல்கலைக்கழகமாக அமைந்தன எனலாம். கடன் பத்திரத்தில் எழுதப்பட்டிருப்பதைப் படிக்க இயலாமல் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த உழவர்களை அவர் கண்டார். புதிய கலப்பையின் பயனைச் சொன்னாலும் நம்ப அஞ்சிய மக்களைக் கண்டார். கலப்பை கொடுப்பதற்கு முன் கல்வி கொடுத்தாக வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார். சாதி வேற்றுமையை ஒழிக்க மகாத்மா ஜோதிராவ் புலே தோற்றுவித்த சத்யசோதக் சமாஜத்தின் கருத்துகளும் அவர் உள்ளத்தை உரமூட்டின.

1919ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், விஜயதசமியன்று, கராட் நகருக்கு அருகிலுள்ள காலே என்னும் கிராமத்தில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ரயத்து என்னும் சொல் நமக்குப் புதிதன்று. வரலாற்றுப் பாடத்தில் ரயத்துவாரி முறை என்று படித்திருக்கிறோம். நிலத்தை உழும் குடியானவர் என்பது அதன் பொருள். குடியானவர் கல்வி நிறுவனம் எனப் பெயரிட்டதிலேயே அவர் நோக்கம் விளங்கும். கிளை பரப்பி விழுது ஊன்றும் ஆலமரம் அதன் சின்னமாயிற்று.

ஒரே பந்தி

1924ஆம் ஆண்டு நிறுவனத்தின் தலைமையிடம் சாத்தாராவுக்கு மாறியது. அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பொதுவான விடுதியைத் தொடங்கினார். 1927ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மகாத்மா காந்தியடிகள் வருகை தந்து, அதற்குச் சத்ரபதி சாகு மாணவர் விடுதி எனப் பெயர் சூட்டினார்.

மராத்தியரும் மகரும் ஜைனரும் முஸ்லிமும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ட விடுதி அது. சாதிக்கொரு விடுதி என்பதே முன்னேற்றமாகக் கருதப்பட்ட நாளில், அனைவருக்கும் ஒரே அடுப்பு என்று அவர் வைத்தார். பிள்ளைகளே முறை வைத்துச் சமைத்தனர், மாவு அரைத்தனர், நீர் சுமந்தனர், தோட்டத்தில் உழைத்தனர். பணம் கட்ட இயலாத பிள்ளை உழைப்பைக் கட்டணமாகச் செலுத்திப் படிக்கலாம் என்னும் ஏற்பாட்டை அவர் வகுத்தார். இரந்து படிக்கிறோம் என்னும் தாழ்வு பிள்ளைகள் மனத்தில் புகாமல் காத்தது அவ்வேற்பாடே.

இப்பணியில் அவருடைய மனைவியார் இலட்சுமிபாய் அம்மையாரின் பங்கு தனித்துச் சொல்லத் தக்கது. செல்வமும் ஆசாரமும் மிக்க ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பல சாதிப் பிள்ளைகள் தம் வீட்டில் நுழைவது தொடக்கத்தில் அவருக்கு இயல்பாக இருந்திருக்க முடியாது. ஆயினும் பசித்த பிள்ளைகளின் முகம் அவர் மனத்தை மாற்றியது. விடுதியில் தானியம் தீர்ந்த போதெல்லாம் தம் நகைகளை ஒவ்வொன்றாக விற்கக் கொடுத்தார். எல்லாம் தீர்ந்து, கணவர் ஊரில் இல்லாத ஒரு நாளில், கழுத்தில் எஞ்சியிருந்த மாங்கல்யத்தையும் கழற்றிக் கொடுத்துப் பிள்ளைகளுக்கு உணவளித்தார். 1930ஆம் ஆண்டில் அவ்வம்மையார் மறைந்தார். அந்நிறுவனம் பெருமரமாகத் தழைத்ததை அவர் காணவில்லை. அதன் வேரில் ஊற்றிய நீர் அவருடையது.

பொதுமக்களும் உதவினர். ஊர்ப் பெண்கள் நாள்தோறும் மாவு அரைக்குமுன் ஒரு பிடி தானியத்தைத் தனியே எடுத்து வைத்து விடுதிக்கு அளித்தனர். நம் நாட்டுப் பிடி அரிசி வழக்கத்தை ஒத்தது அது. காந்தியடிகளுக்கும் டாக்டர் அம்பேத்கருக்கும் இடையே 1932இல் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டபோது, அதன் நினைவாக அவ்வாண்டே பூனாவில் ஐக்கிய விடுதி ஒன்றை பாவுராவ் நிறுவினார்.

ஆசிரியரை முதலில் ஆக்கினார்

விடுதி அமைந்துவிட்டது; ஆனால் மலையோரச் சிற்றூர்களில் பள்ளியே இல்லை. பள்ளி வைத்தால் கற்பிக்க ஆசிரியர் இல்லை. நகரத்து ஆசிரியர்கள் அங்கே தங்க மாட்டார்கள். இதனை உணர்ந்த பாவுராவ், 1935ஆம் ஆண்டு சாத்தாராவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான கிராமப் பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அன்றைய மன்னரின் வெள்ளி விழாவையொட்டி அதற்கு வெள்ளிவிழாப் பெயர் இடப்பட்டது. பின்னர்ப் பெண் ஆசிரியர்களுக்கென ஜிஜாமாதா பெயரில் பயிற்சிப் பள்ளியும் ஏற்பட்டது.

ஆசிரியப் பயிற்சி பெற்று, கரும்பலகைக்கும் மாதிரிப் பாடத்துக்கும் நடுவே வாழ்நாளைக் கழித்த நம் போன்றோர்க்கு இவ்வரிசை முறையின் அருமை நன்கு புலப்படும். கட்டடம் எழுப்பிவிட்டு ஆசிரியரைத் தேடுவோர் பலர். அவரோ, சிற்றூரில் பிறந்து சிற்றூருக்கே திரும்பிச் செல்லும் ஆசிரியரை முதலில் உருவாக்கினார். அவ்வாறு பயிற்சி பெற்றோரைக் கொண்டு, பள்ளியே காணாத ஊர்களில் 500க்கும் மேற்பட்ட தன்னார்வத் தொடக்கப் பள்ளிகளை நடத்தினார். ஊர்க் கோயில், சாவடி, மரநிழல் எதுவாயினும் வகுப்பறை ஆயிற்று. பிற்காலத்தில் அப்பள்ளிகள் அரசின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன.

1940ஆம் ஆண்டு சாத்தாராவில் மகாராஜா சயாஜிராவ் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். உழைத்துக்கொண்டே கட்டணமின்றித் தங்கிப் படிக்கும் பள்ளி அது.

கல்லூரி வந்தது

உயர்நிலைப் பள்ளி முடித்த பிள்ளைகள் அடுத்து எங்கே செல்வது? அந்நாளில் அம்மாகாணத்துக் கல்லூரிகள் யாவும் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பட்டம் பெற விரும்புவோர் பூனா, கோலாப்பூர், சாங்கலி, பம்பாய் எனப் புறப்பட வேண்டும். பயணச் செலவு, அறை வாடகை, உணவுச் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்ட அளவிலேயே உழவர் வீட்டுப் பிள்ளையின் உயர்கல்வி முடிந்துவிடும். அறிவுக் குறைவால் நின்றவர்களைக் காட்டிலும் தூரத்தாலும் உணவாலும் நின்றவர்களே மிகுதி.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சாத்தாராவில் சத்ரபதி சிவாஜி கல்லூரி திறக்கப்பட்டது. உழைக்க முன்வரும் ஏழை மாணவர் அங்கும் கட்டணச் சுமையின்றிப் படிக்கலாம். காலையில் மண்வெட்டி பிடித்த கை பிற்பகலில் ஷேக்ஸ்பியரைப் புரட்டியது. அக்கல்லூரிக்குப் பெருந்தொகை தருவதாகவும், அதற்கு ஈடாகப் பெயரை மாற்ற வேண்டும் எனவும் ஒருவர் கேட்டபோது, தம் தந்தையின் பெயரை மாற்றினும் மாற்றுவேனேயன்றிக் கல்லூரியின் பெயரை மாற்றேன் என்று மறுத்துவிட்டாராம். தானம் கொடுப்போரின் பெயர்ப்பலகை பற்றி நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி இது.

மறு ஆண்டிலேயே பெருஞ்சோதனை நேர்ந்தது. காந்தியடிகள் 1948ஆம் ஆண்டு மறைந்ததும், அவர் நினைவாக 101 உயர்நிலைப் பள்ளிகள் தொடங்குவதாக பாவுராவ் உறுதி பூண்டார். ஆனால் அவருடைய பேச்சைப் பற்றி எழுந்த புகாரினால் பம்பாய் அரசு நிறுவனத்திற்கு வழங்கிய மானியத்தை நிறுத்திவிட்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் உணவும் ஆசிரியர்களின் ஊதியமும் கேள்விக்குறியாயின. அவர் சோர்ந்துவிடவில்லை. மீண்டும் ஊர் ஊராகச் சென்று தானியமும் பணமும் திரட்டினார். துடைப்பம் ஏந்தித் தெருவைத் தூய்மை செய்து அறம் போதித்த துறவியான காட்கே மகராஜ் அவர்கள், முதலமைச்சர் பி. ஜி. கேர் அவர்களிடம் எடுத்துரைத்ததன் பயனாக மானியம் மீண்டும் கிடைத்தது. நன்றி மறவாத பாவுராவ், 1954இல் கராட் நகரில் தொடங்கிய கல்லூரிக்குச் சத்குரு காட்கே மகராஜ் பெயரையே சூட்டினார். எழுத்தறியாத துறவியின் பெயரைத் தாங்கிய கல்லூரியில் உழவர் மக்கள் பட்டம் பெற்றனர்.

1955ஆம் ஆண்டு சாத்தாராவில் மௌலானா ஆசாத் பெயரால் ஆசாத் கல்வியியல் கல்லூரி அமைந்தது. பட்டம் பெற்றோர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகும் பயிற்சியைத் தம் ஊர்ப்பகுதியிலேயே பெற்றனர். விடுதியிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து கல்லூரி, கல்லூரியிலிருந்து மீண்டும் பள்ளிக்கு ஆசிரியர் என்று வட்டம் நிறைவுற்றது.

அவ்விடுதிப் பிள்ளைகளுள் ஒருவரான பி. ஜி. பாட்டீல் இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆனார். நகரத்தில் வழக்காடிப் பொருளீட்டச் செல்லாமல் சிவாஜி கல்லூரியில் பணியாற்றினார். கோலாப்பூரில் 1962இல் சிவாஜி பல்கலைக்கழகம் தோன்றியது. பின்னாளில் அதன் துணைவேந்தராகவும் அவர் விளங்கினார்.

மறைவும் நிலைபேறும்

1959ஆம் ஆண்டு இந்திய அரசு பாவுராவ் பாட்டீலுக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அவ்வாண்டே பூனாப் பல்கலைக்கழகம் மதிப்புறு டி.லிட். பட்டம் அளித்தது. ஆறாம் ஆங்கில வகுப்போடு நின்றவரைப் பல்கலைக்கழகம் தேடி வந்தது. 1959ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். பெரும் நிறுவனத்தை வளர்த்தவர் தமக்கெனச் செல்வம் சேர்க்கவில்லை. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை நூலில் படிக்கும் நாம் அவர் வாழ்வில் அதனைக் காண்கிறோம்.

ஆலமரம் விழுது விட்டது. இன்று அந்நிறுவனத்தின் கீழ் 40க்கும் மேற்பட்ட கல்லூரிகளும் 400க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளும் நடைபெறுகின்றன. 2021ஆம் ஆண்டு மகாராஷ்டிர அரசு, சத்ரபதி சிவாஜி கல்லூரி உள்ளிட்ட மூன்று சாத்தாராக் கல்லூரிகளை இணைத்துக் கர்மவீரர் பாவுராவ் பாட்டீல் பல்கலைக்கழகத்தை நிறுவியது. கல்லூரியே இல்லாதிருந்த சாத்தாராவில் அவர் பெயராலேயே ஒரு பல்கலைக்கழகம் எழுந்துவிட்டது.

நமக்கு உரிய பாடம்

நம் பகுதியிலும் இவ்வருமை தெரியாததன்று. செய்யாறு, திருவண்ணாமலை, திண்டிவனம் ஆகிய ஊர்களில் 1960களில் அரசு கலைக் கல்லூரிகள் ஏற்பட்ட பின்னரே, நம் சிற்றூர்க் குடும்பங்கள் பலவற்றில் முதல் பட்டதாரி தோன்றினார். குறிப்பாகப் பெண்மக்களுக்கு அது பொருந்தும். மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் கல்லூரி இருந்தமையால்தான் பல தந்தையர் மகளைப் படிக்க அனுப்ப இசைந்தனர். அருகில் ஒரு கல்லூரி என்பது எத்தனை பெண்களின் வாழ்வைத் திருப்பியது என்பதை ஆசிரியப் பணியில் இருந்தோர் நேரில் கண்டுள்ளோம்.

இன்று பேருந்து வசதியும் கல்லூரிகளும் பெருகியுள்ளன. ஆயினும் பொறியியல், மருத்துவம், ஆராய்ச்சி என மேலே செல்லும் பிள்ளைக்குத் தங்குமிடமும் உணவும் இன்னமும் பெருஞ்சுமையே. நாம் ஆலயத் திருப்பணி செய்கிறோம், அது வேண்டும். பஞ்சகல்யாண விழா எடுக்கிறோம், அதுவும் வேண்டும். அவ்விழாவின் செலவில் ஒரு சிறு பகுதியை ஆண்டுதோறும் ஒரு பிள்ளையின் விடுதிக் கட்டணத்திற்கு ஒதுக்கினால், ஆகார தானமும் சாத்திர தானமும் ஒருங்கே நிறைவேறும். அப்பிள்ளை எவ்வீட்டுப் பிள்ளை என்று வினவாமல் அளித்தால், பாவுராவ் பாட்டீல் காத்த சமநோக்கும் அதனோடு சேரும்.

கும்போஜ் ஊரின் இல்லறத்தார் இருவர், ஒரு பிடி தானியத்திலும் ஒரு மாங்கல்யத்திலும் தொடங்கிய பணி இது. நம் இல்லங்களிலும் பிடி தானியத்திற்குக் குறைவில்லை.

வாழ்க கல்வி! வளர்க ஜினதருமம்!